இங்கிலாந்து போக ஈ.டி.ஏ.: சுங்கை சிப்புட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

மகனின் பட்டமளிப்போ பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதோ, மலேசியக் கடப்பிதழ் இருந்தால் ஆறு மாதம் வரை தங்க விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். 2026 பிப்ரவரி 25 முதல் இது இல்லாதவரை விமானத்தில் ஏற்றுவதில்லை.

கடப்பிதழ் முடியும் தேதியை முதலில் பாருங்கள். அனுமதி 2 ஆண்டு செல்லும். கடப்பிதழ் அதற்குமுன் முடிந்தால் அனுமதியும் அதோடு போய்விடும். தேதி நெருங்கியிருந்தால் முதலில் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதே மேல்.

விண்ணப்பிக்க 'யூகே ஈ.டி.ஏ.' செயலி, அல்லது பிரிட்டிஷ் அரசின் ஜிஓவி டாட் யூகே தளம். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் கூடுதல் காசு வாங்கும் தனியார் தளங்கள். அரசுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 16 பவுண்ட் ஆனது. ஏறிக்கொண்டே வருவதால் கட்டும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்.பி.எக்ஸ். என்ற நம் இணைய வங்கிக் கட்டண முறை செல்லாது, கார்டுதான். டெபிட் கார்டு மறுக்கப்பட்டால், வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

செயலி கடப்பிதழின் சிப்பைப் படிக்கும். பிளாஸ்டிக் உறையையும் கைப்பேசியின் கனத்த உறையையும் கழற்றி, கடப்பிதழை மேசையில் வைத்து, கைப்பேசியை அதன்மேல் அசையாமல் பிடியுங்கள். சிப்பைப் படிக்கும் என்.எஃப்.சி. வசதி இல்லாத பழைய கைப்பேசியானால் இணையதளத்தில் படங்களை ஏற்றலாம். முகப்படத்துக்குக் குழல் விளக்கைவிட ஜன்னல் வெளிச்சம் நல்லது.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது கடப்பிதழ் எண்ணில். தீபகற்ப மலேசியாவில் எடுத்ததென்றால் 'ஏ' எழுத்தும் 8 இலக்கமும், மொத்தம் 9. பக்கத்தின் அடியில் உள்ள இரண்டாம் வரியைப் பார்த்து எழுதினால் 10 வரும். கடைசியில் ஒட்டியிருப்பது சரிபார்ப்பு இலக்கம், எண்ணின் பகுதியல்ல. மேல்பகுதியில் அச்சானதைப் பார்த்தே எழுதுங்கள். அடையாள அட்டை எண்ணை எழுதுகிறவர்களும் உண்டு. எண் தப்பினால் மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டும்.

நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் தனியாக இல்லை. 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) எல்லாம் ஒரே வரியில் இருக்கும். செயலி படித்துக் காட்டும் பெயர் விசித்திரமாகத் தெரிந்தாலும், அழகுபடுத்துகிறேன் என்று அப்பா பெயரை வெட்டி ஒட்டாதீர்கள்.

டவுனில் கடைக்காரரை நிரப்பச் சொன்னால் மின்னஞ்சல் உங்களுடையதா, பிள்ளைகளுடையதா என்று உறுதி செய்யுங்கள். கடையின் மின்னஞ்சலைப் போட்டால் முடிவும் அங்கேதான் போகும். பழைய வழக்கு, தண்டனை பற்றிய கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள், மறைக்காமல்.

முடிவு பொதுவாக 3 வேலை நாளுக்குள் வரும். அச்சடித்த தாள் தேவையில்லை, அனுமதி கடப்பிதழோடு இணைந்திருக்கும். அதனால் விண்ணப்பித்த அதே கடப்பிதழில்தான் பயணம் செய்ய வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது, வருகையாளர் விசாவுக்குத்தான் போக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், டிக்கெட் வாங்குமுன்பே ஈ.டி.ஏ. எடுத்துவிடுங்கள்.