மூணு மாசத்துக்கு யார் வீடு தருவா? சென்னைக்கு டிரெய்னிங் போகிறவர்களுக்கு

"மூணு மாசந்தானா? அப்ப ஏதாவது லாட்ஜ்ல தங்கிக்கோங்க." சென்னையில் வீடு தேடிய முதல் நாலு நாளில் இந்தப் பதிலை ஒன்பது பேர் வாயால் கேட்டேன்.

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். நர்ஸ் வேலை. பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிவிட்டு வா என்று எழும்பூர் பக்கம் அனுப்பினார்கள், செப்டம்பர் முதல் நவம்பர் முடிய. ஹாஸ்டலில் எனக்கு மட்டும் கட்டில் உண்டு. நாலு வயசுப் பையனை விட்டுவிட்டு வர மனசில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள அம்மா. வீட்டுக்காரருக்குத் தென்காசியில் வேலை, அசைய முடியாது. தங்குவதற்கு மாதம் பத்தாயிரத்தைத் தாண்டினால் கடன்தான். கிட்டத்தட்ட இதே கணக்கோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஊரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே வீட்டைப் பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். நுங்கம்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம், ஏழாயிரம் ரூபாய். அந்த விலையிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பேசியவன் தன்னை ராணுவக்காரன் என்றான், காஷ்மீருக்கு மாற்றலாகிவிட்டதாம், அடையாள அட்டைப் படமெல்லாம் அனுப்பினான். வீட்டைப் பார்க்க கேட் பாஸ் வேண்டும், இரண்டாயிரம் போடுங்கள், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்றான். போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே அந்த நம்பர் அணைந்துவிட்டது. இப்படி ஆனால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்கிறவரை ஒரு ரூபாய்கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

முதல் வாரத்துக்கு நாள் வாடகையில் ஒரு அறை பிடித்துக்கொண்டு, காலால் நடந்து வீடு தேடுவதுதான் வழி. அந்த அறையையும் லாட்ஜில் பிடிக்க வேண்டாம், மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு என்றால் கையைக் கடிக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மலிவு, ஆனால் சேவல் பண்ணை என்றே அதற்குப் பெயர், குடும்பத்துக்கு ஆகாது. ஆயிரம் விளக்குப் பக்கம் கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில், வைத்தியத்துக்காக வடக்கே இருந்து வருகிற குடும்பங்களுக்கென்று அடுப்பு, பாத்திரத்தோடு அறை விடுகிறார்கள். நாள் கணக்கு, வாரக் கணக்கு எல்லாம் உண்டு. எங்களுக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய், ஒரு வாரம் என்றதும் 700 ஆனது. விடிந்ததும் பக்கத்து அறையில் கடுகெண்ணெயில் மீன் பொரிப்பார்கள், அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆனால் பையனுக்குப் பருப்பும் சோறும் வீட்டு ருசியில் கிடைத்தது. தனியாக வருகிற பெண்கள் அரசின் 'தோழி' விடுதிகளைப் பார்க்கலாம், தாம்பரத்திலும் ஒன்று இருக்கிறது.

அடுத்தது, எந்த ஏரியா. ஏரியாவைப் பார்க்காதீர்கள், ரயில் தண்டவாளத்தைப் பாருங்கள். எழும்பூர், சேத்துப்பட்டு, கிண்டி பக்கம் பயிற்சி என்றால் பீச்–தாம்பரம் லைன். அம்பத்தூர் எஸ்டேட், பெரம்பூர், சென்ட்ரல் பக்கம் என்றால் வில்லிவாக்கம், கொரட்டூர், ஆவடி போகிற லைன். மைலாப்பூரிலோ தரமணியிலோ வேலை என்றால் வேளச்சேரி லைன். ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடைக்குள் வீடு இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில்தான் போக முடியும் என்றால், வாடகையில் மிச்சம் பிடித்த ஆயிரம் அதிலேயே கரைந்துவிடும். எனக்கு மாத சீசன் டிக்கெட் 300 ரூபாயைத் தாண்டவில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இல்லை என்பதால் அம்மா மூன்று மாதமும் பேரனைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றினாள். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று: நம்ம ஊர் பஸ் எல்லாம் இப்போது தாம்பரத்துக்கு முன்னாலேயே, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுகிறது. தாம்பரத்தை ஒட்டி இருந்தால், பார்க்க வருகிறவர்களுக்கும் லேசு.

பீச்–தாம்பரம் லைனில் நான் பல்லாவரத்தில் இறங்கினேன், குரோம்பேட்டையில் இறங்கினேன், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினேன். டூ-லெட் போர்டு தொங்கிய வீடுகளில் எல்லாம் கேட்டாயிற்று. ஒரு புரோக்கர் வீடு காட்டுவதற்கே 500 வாங்கிக்கொண்டு, பூட்டிக் கிடந்த வீடுகளை வெளியே நின்று காட்டினார். நாலாவது நாள், குரோம்பேட்டையில் வெயிலுக்கு ஒரு மளிகைக் கடை வாசலில் ஒதுங்கி, "அண்ணாச்சி, ஒரு கலர் குடுங்க, பையனுக்கு" என்றேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊரு தாயி?"

"சங்கரன்கோயிலு."

"ஆடித்தவசு ஊரா! நமக்குச் சாத்தான்குளம். இங்க என்ன சோலி?"

சொன்னேன். அவர் எதிரே இஸ்திரி வண்டிக்காரரைக் கூப்பிட்டார். "ஏய், மூணாவது தெருவுல மாடி காலின்னியே, அந்த டீச்சரம்மா வீடு?" இஸ்திரிக்காரருக்கு எந்த வீட்டில் துணி வருவது நின்றுபோனது என்று தெரியும், அதனால் எந்த வீடு காலி என்றும் தெரியும். போர்டு மாட்டாத வீடு அது. ரிட்டயர்டு டீச்சர், மகன் வெளிநாட்டில். ஜனவரியில் அவன் வரும்போது மாடி வேண்டும், அதனால் பதினொரு மாத அக்ரிமெண்ட் போட்டு யாருக்கும் விட மனசில்லை. எங்களுடைய மூணு மாசம் அவருக்குத் தோதாக இருந்தது. நாம் தேட வேண்டியது இந்த மாதிரி வீட்டைத்தான். அதனால் எத்தனை மாதம் என்பதை ஒளிக்காதீர்கள். ஒரு வருஷம் என்று பொய் சொல்லி நுழைந்தால் அட்வான்ஸ் திரும்பி வருவதற்குள் உயிர் போய்விடும்.

கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். "வீட்டுக்காரர் வரலையா?" என்பது எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. டீச்சரம்மாவுக்கு அவரை வீடியோ காலில் காட்டினேன். பக்கத்தில் அம்மா நின்றது அதைவிடப் பெரிய சான்றிதழ். சைவமா என்று நேராகக் கேட்பார்கள். என்ன ஆளுங்க என்று சுற்றி வளைத்தும் கேட்பார்கள், அப்படிக் கேட்ட இரண்டு வீடுகளிலிருந்து நானே இறங்கி வந்துவிட்டேன். பயிற்சிக் கடிதம் கையில் இருக்கட்டும், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அதில் இருக்க வேண்டும். ஆதார் நகல் இரண்டு.

வீடு பிடித்துப்போனால் பணம் பேசுவதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போங்கள். நான் கைப்பையில் குளிக்கிற சோப்பில் ஒரு துண்டு வைத்திருந்தேன். குழாயைத் திறந்து கையில் தேய்த்தால் தெரிந்துவிடும்: நுரைக்காமல் பிசுபிசுவென்று திரிந்தால் உப்புத் தண்ணீர். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். ஆனால் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உப்பு என்றால் முடியும் வறண்டுபோகும், யூனிபார்மும் மங்கிப்போகும். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்றும் கேளுங்கள்.

அக்டோபர், நவம்பர், டிசம்பரில் தங்குகிறவர்கள் தரைத்தளத்தை எடுக்க வேண்டாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டேன். 2015ல் அடையாற்றுத் தண்ணீர் எங்கே வந்தது என்று டீக்கடைக்காரர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். புதுசாகப் பெயின்ட் அடித்த சுவரில் கோடு தெரியாது. காம்பவுண்ட் சுவரின் வெளிப்பக்கம் தெரியும்.

இனி பணம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டுத்தான் பழக்கம். 2019லிருந்து நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டு ஓனரிடம் சட்டம் பேசினால் கதவு சாத்திக்கொள்ளும். நான் இப்படிக் கேட்டேன்: "அம்மா, மூணு மாச வாடகையையும் இப்பவே மொத்தமா தந்துடுறேன், அட்வான்ஸ் ஒரு மாசம் மட்டும் வச்சுக்கோங்க." வாடகை 8,500. மொத்தம் 34,000 கொடுத்தேன், என் அம்மாவின் வளையல் ஒன்று அடகுக் கடைக்குப் போனது. காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். மூணு மாசத்துக்குப் பெயின்டிங் இல்லை என்பதையும் நாங்கள் போட்டுக்கொண்ட ஒரு பக்க ஒப்பந்தத் தாளில் எழுதச் சொன்னேன். டீச்சரம்மா சிரித்துக்கொண்டே தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

கரண்டுக்குத் தனி மீட்டரா, ஓனர் மாட்டிய சப் மீட்டரா என்று பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப் மீட்டர் என்றால் ஓனர் சொல்கிற ரேட்தான், எனக்கு யூனிட் எட்டு ரூபாய். குடியேறுகிற அன்றைக்கே மீட்டரைப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேஸ் கனெக்‌ஷன் மாற்றுகிற வேலையே வேண்டாம். 5 கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டை காட்டியே வாங்கலாம், முகவரிச் சான்று கேட்பதில்லை. எங்கள் மூன்று பேருக்கு மூன்று வாரம் வந்தது. ரேஷன் கார்டைக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று, அந்தத் தெருக் கடையிலேயே அரிசி வாங்கினோம். பாய் இரண்டு, குக்கர், ஒரு வாளி, இவ்வளவுதான் சாமான். கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் வாடகைக்கு விடுகிற கடை இருக்கிறது, எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நவம்பர் 29ஆம் தேதி காலி செய்தோம். டீச்சரம்மா மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, 8,500ல் கரண்டுக்கு 312 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். அந்த 5 கிலோ சிலிண்டரை அண்ணாச்சி கடையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த பேட்ச்சில் ராஜபாளையத்திலிருந்து ஒரு சிஸ்டர் மாமியாரோடு வந்திருக்கிறார், அவர் எடுத்துக்கொண்டாராம். வீட்டை மட்டும் அண்ணாச்சி வேறு தெருவில் பார்த்துக் கொடுத்திருக்கிறார். மாடியில் இப்போது டீச்சரம்மாவின் மகன்.