வயல்வெளியில் அமர்ந்து நீர்வண்ணம் தீட்டுவது எப்படி: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

வீட்டுக்குள் மேசைமீது வைத்து நீர்வண்ணம் பழகிய ஒருவர் முதன்முறையாக வெளியில் சென்று வரையும்போது அவரைத் திகைக்க வைப்பது காட்சியின் விரிவோ சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களோ அல்ல. வானத்துக்காகப் பூசிய நீலம், தூரிகையை மறுபடி நனைத்துத் திரும்புவதற்குள் காய்ந்து கோடாக நின்றுவிடுவதுதான். குளிர்நாட்டு ஓவியர்கள் செய்து காட்டும் பாடங்களில் ஒரு வாஷ் (நீர்த்த வண்ணத்தைத் தாளில் பரவலாகப் பூசும் பூச்சு) காய்வதற்கு அவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் அது நமக்காகக் காத்திருக்காது. ஆகவே இந்தச் செய்முறையில் நிறங்களைவிடத் தாளின் ஈரத்தைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

எடுத்துக்காட்டாகத் தென்காசியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் உள்ள சுந்தரபாண்டியபுரத்து வயல்வெளியை எடுத்துக்கொள்வோம். சினிமாப் படப்பிடிப்புகளால் பலருக்கும் தெரிந்த ஊர் அது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அதற்கு முன்னே வயல், இடையிடையே பனைகள் என்று காட்சி தானாகவே மூன்று அடுக்குகளாகப் பிரிந்து நிற்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட எளிய இடம் கிடைப்பது அரிது. உங்கள் ஊரில் மலை இல்லையென்றால் ஏரிக்கரையோ தோப்போ போதும். அடுக்குகள் தெரிய வேண்டும் என்பதே தேவை.

பையில் என்ன இருக்க வேண்டும்

பணத்தைத் தாளில் செலவிடுங்கள். வண்ணத்தில் மிச்சம் பிடிக்கலாம், தாளில் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, முழுவதும் பருத்தியால் ஆன, சற்றே சொரசொரப்பான தாள் வேண்டும். மரக்கூழில் செய்த மலிவான தாளில் ஈரம் மேற்பரப்பிலேயே நின்று சட்டென்று காய்ந்துவிடும். பருத்தித் தாளோ நீரை உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாக விடும் என்பதால் வெயிலில் நமக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் கிடைக்கும். முழுத்தாளின் அளவு 22க்கு 30 அங்குலம். அதை எட்டாக வெட்டினால் ஏறத்தாழ பதினொன்றுக்கு ஏழரை அங்குலத் துண்டுகள் வரும். தொடக்கத்தில் அதற்கு மேல் பெரிதாகப் போக வேண்டாம், ஏனெனில் பெரிய தாளின் மேல்மூலையை நனைத்துக் கீழ்மூலைக்கு வருவதற்குள் மேலே காய்ந்திருக்கும்.

தாளைப் பிடிக்கப் பிளாஸ்டிக் பரீட்சை அட்டையே போதுமானது. மேலே அதன் கிளிப் பிடித்துக்கொள்ளும், கீழே இரண்டு கிளிப் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தூரிகைகளில் உருண்டை வடிவில் 12ஆம் எண் ஒன்று, 6ஆம் எண் ஒன்று, ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. இவற்றுக்கு மேல் வாங்கியதெல்லாம் என் பையில் சும்மாதான் கிடக்கிறது. வண்ணங்களில் அல்ட்ராமரின் நீலம், கோபால்ட் நீலம், எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஆக்கர் என்னும் மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, ரோஸ் நிறம் ஒன்று என்று ஆறு போதும். இவற்றுடன் நீர் தெளிக்கும் சிறு பாட்டில், பழைய பருத்தித் துணி, டிஷ்யூ தாள், 2பி பென்சில், நீருக்கு இரண்டு டப்பாக்கள் வேண்டும். தூரிகையைக் கழுவ ஒன்று, வண்ணம் கலக்க ஒன்று. ஒரே டப்பாவில் இரண்டையும் செய்தால் அரைமணியில் வானம் சேற்றுநிறமாகத் தொடங்கிவிடும்.

டியூப் வண்ணங்களை முந்தின நாள் இரவே தட்டின் குழிகளில் பிதுக்கி வைத்துவிடுங்கள். நீர்வண்ணத்தில் நிறத்தூளைப் பிணைப்பது கருவேல இனத்து மரத்தின் பிசின் என்பதால், காய்ந்தாலும் ஈரத்தூரிகை பட்டவுடன் மீண்டும் கரையும். வழியில் சிந்தாமலும் இருக்கும்.

நேரமும் அமரும் திசையும்

காலை 7 மணிக்கு அங்கே இருந்தால் ஒன்றரை மணி நேரம் நிம்மதியாக வேலை செய்யலாம். மலை மேற்கே இருப்பதால் நேராக அதைப் பார்த்து அமர்ந்தால் வெயில் முதுகுக்குப் பின்னிருந்து விழுந்து மலையும் மரங்களும் தட்டையாகத் தெரியும். சற்றே தென்மேற்காகத் திரும்பி அமர்ந்தால் இடப்புறப் பின்பக்கத்திலிருந்து ஒளி வந்து, ஒவ்வொரு பனைமரமும் ஒளிப்பக்கம், நிழற்பக்கம் என்று இரண்டாகப் பிரிந்து தெரியும். வலக்கையால் வரைபவர்களுக்குக் கையின் நிழல் தாளில் விழாத வசதியும் உண்டு. மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னே இறங்குவதால் மலை ஒரே நீலச்சாம்பல் உருவமாகச் சுருங்கிவிடும். தீட்ட எளிதுதான்; ஆனால் கண் கூசும், ஒளியும் வேகமாக மாறும்.

தாள்மீது நேர்வெயில் படக் கூடாது. வெள்ளைத் தாள் வெயிலில் பளீரென்று இருப்பதால் நாம் பூசும் வண்ணம் வெளிறியதாகத் தோன்றும்; அதை ஈடுகட்ட மேலும் மேலும் அடர்த்தியாகப் பூசி, வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். மரநிழலில் அமரலாம், ஆனால் இலைகளுக்கிடையே புள்ளி புள்ளியாக வெயில் விழும் நிழல் வேண்டாம். குடை பிடித்தால் கறுப்புக்குடையாக இருக்கட்டும். ஒருமுறை கடையில் இலவசமாகக் கிடைத்த ஆரஞ்சுக் குடையின் கீழ் அமர்ந்து இரண்டு மணி நேரம் வரைந்தேன். தாள் முழுவதும் ஆரஞ்சு சாயல் படிந்திருந்ததைக் கண் பழகிப்போய் உணரவே இல்லை. வீட்டுக்கு வந்து பிரித்தபோது வயல் முழுவதும் நீலம் பாரித்துப்போயிருந்தது.

சாகுபடிக் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இப்பகுதியில் கார் சாகுபடி ஜூன் வாக்கிலும் பிசானம் அக்டோபர் வாக்கிலும் தொடங்கும். நடவு முடிந்த புதிதில் வயலில் நிற்கும் நீரில் வானம் தெரியும். படம் வரைய அதைவிட நல்ல பருவம் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பலமாக வீசும், சாரலும் சேர்ந்து வரும். தாள் பறக்கும், வாஷ்மேல் தூறல் விழுந்து வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அவற்றை அழிக்க முயலாமல் விட்டுவிட்டால் பல நேரம் அவையே அந்தப் படத்தின் அழகாகிவிடும்.

வண்ணத்தைத் தொடுமுன்

அமர்ந்தவுடன் பத்து நிமிடம் எதையும் வரையாதீர்கள். ஓர் அட்டையில் தாளின் அளவுக்கு ஒத்த விகிதத்தில் தீப்பெட்டி அளவுச் செவ்வகத் துளை வெட்டி, ஒரு கண்ணை மூடி அதன் வழியே பாருங்கள். கண்முன் விரிந்து கிடப்பதில் எவ்வளவை விட்டுவிட வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு இரு கண்களையும் பாதி மூடிப் பாருங்கள். இலைகளும் வரப்புப் புற்களும் மறைந்து வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று திட்டுகளே எஞ்சும். அந்த மூன்றையும் தீப்பெட்டி அளவில் பென்சிலால் நிழலிட்டுக்கொள்ளுங்கள். நிழல்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்பதை இந்தச் சிறு படத்திலேயே குறித்துவிட வேண்டும். கதிரவன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்ந்துவிடுவதால், கடைசியில் நிழலைப் பார்த்துத் தீட்டினால் அது தொடக்கத்தில் தீட்டிய ஒளியோடு ஒத்துவராது.

இதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். “ரோட்டுக்கு அளக்க வந்திருக்கியளா அண்ணாச்சி?” என்று ஒருவர் என்னிடம் கவலையோடு கேட்டிருக்கிறார். அவர் வயல்தான் என் படத்தில் நடுவே இருந்தது. படத்தைக் காட்டியதும் கவலை தீர்ந்து, எந்த வரப்பு யாருடையது என்று திருத்தவும் செய்தார்.

பிறகு தாளில் தொடுவானக் கோட்டை நடுவில் போடாமல் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கிலோ கீழிருந்து மூன்றில் ஒரு பங்கிலோ போட்டு, மலைவிளிம்பு, பனைகளின் இடம், இரண்டு மூன்று வரப்புகள் இவற்றை மட்டும் மெல்லிய கோடுகளாக வரையுங்கள். பென்சில் வேலை ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

ஈரத்தை வாசிப்பது

செய்முறையின் மையம் இதுதான். தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி ஒளியை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் நீர் மேலே நிற்கிறது. அப்போது எந்த வண்ணத்தை வைத்தாலும் கட்டுப்பாடின்றி ஓடும். பளபளப்பு அடங்கிப் பட்டுத்துணியின் மினுமினுப்பு மட்டும் இருந்தால், மேகத்தின் அடிநிழல்போன்ற மென்மையான விளிம்புகளுக்கு அதுவே சரியான தருணம். மினுமினுப்பும் போய், புறங்கையை வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரிகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள். அந்த அரைக்காய்ச்சலில் நீர் மிகுந்த தூரிகை பட்டால், புதிய நீர் பழைய நிறத்தூளை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர்போல் பூத்த திட்டு ஒன்றை உண்டாக்கும். தொடக்கநிலையாளர் படங்களில் வானம் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்தில்தான். குளிர்ச்சியும் நீங்கிய பிறகே கூர்மையான விளிம்புள்ள உருவங்களைத் தொடங்க வேண்டும்.

வெயில் நாட்களில் ஈரத்தை நீட்டிக்க ஒரு வழி உண்டு. தாளின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்துப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டவைத்தால், கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும்.

வானத்திலிருந்து வரப்பு வரை

தேவைப்படும் என்று நினைப்பதைப்போல் இருமடங்கு வண்ணத்தை முதலில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி வானத்தில் வண்ணம் தீர்ந்து மறுபடி கலக்க நேர்ந்தால் அந்த இடைவெளியில் தாள் காய்ந்துவிடும். அட்டையை இலேசாகச் சரித்துப் பிடித்து, மலைவிளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை வானப்பகுதியைத் தெளிந்த நீரால் நனையுங்கள். பளபளப்பு சற்றுக் குறைந்ததும் தட்டைத் தூரிகையால் மேலே அல்ட்ராமரினும் கீழே வரவர நீர் கூட்டிய கோபால்ட்டும் பூசி, மலைக்கு மேலே ஆக்கரின் மிகமெல்லிய சாயலைச் சேருங்கள். மேகம் என்பது நாம் பூசாமல் விட்ட வெள்ளைத் தாள். அதன் ஓரங்களை ஈரத்திலேயே டிஷ்யூவால் ஒற்றி மென்மையாக்கலாம். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால், ஈரத்தில் சற்று அதிகம் என்று தோன்றும் அளவே சரியான அளவு.

அடுத்து மலை. தொலைவு கூடக்கூட நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று சிதறடிக்கும் நீல ஒளி சேர்வதால், கடைசி மலை வானத்தைவிடச் சிறிதே அடர்த்தியான நீலமாகத்தான் தெரியும். கோபால்ட்டில் துளி ரோஸ் கலந்து அதைப் பூசுங்கள். சிகரத்தில் மேகம் கவிந்திருக்கும் இடத்தில் வானம் இன்னும் மினுமினுப்பாக இருக்கும்போதே தூரிகையை வைத்தால் விளிம்பு கரைந்து மேகத்துக்குள் மறையும். தெளிவான விளிம்பு வேண்டிய இடத்தில் வானம் முழுவதும் காயும்வரை பொறுங்கள். முன்மலைக்கு அல்ட்ராமரினும் சிறிது பர்ன்ட் சியன்னாவும் மஞ்சளும் கலந்தால் பச்சை கலந்த நீலம் வரும். மலையின் அடிவாரத்தை நீர்த்தூரிகையால் தொட்டுக் கரைத்துவிட்டால் காலைப் பனிமூட்டம் தானாக வந்துவிடும்.

வயலுக்கு டியூபிலிருந்து வரும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் தரைவிரிப்புபோல் இருக்கும். நாற்றங்காலின் பச்சையில் எலுமிச்சை மஞ்சள் மிகுதி, நீலம் துளி. நன்கு தூர்கட்டிய பயிருக்கு நீலத்தைக் கூட்டி, கண்ணை உறுத்தாமலிருக்க ஒரு துளி பர்ன்ட் சியன்னா. தொலைவு வயல்களை ஒரே வாஷாகப் பூசி, பார்ப்பவரை நெருங்கி வரவரத்தான் நிறவேறுபாடு காட்ட வேண்டும். வரப்புகளைக் கோடாகப் போடாமல், இரண்டு வயல்களுக்கு இடையே மெல்லிய இடைவெளி விட்டுப் பூசினாலே அவை தோன்றிவிடும். நீர் நிற்கும் வயலில் வானத்துக்குக் கலந்து மீந்த வண்ணத்தையே பூசுங்கள். கொக்குகளுக்கும் தாளின் வெள்ளையைத்தான் விட வேண்டும். மறந்துவிட்டால், தாள் நன்றாகக் காய்ந்த பிறகு பிளேடின் நுனியால் சுரண்டி ஒன்றிரண்டை வரவழைக்கலாம்.

பனைமரங்களைக் கடைசியில் வையுங்கள். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் நீர் குறைவாகக் கெட்டியாகக் கலந்தால் கறுப்பைவிட உயிருள்ள அடர்நிறம் கிடைக்கும். அடிமரம் தரையருகே சற்றுப் பருத்திருக்கும். அதைக் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் போட்டு, ஒளிப்பக்கத்தில் ஈரத்தூரிகையால் சிறிது நிறத்தை எடுத்துவிடுங்கள். தலைப்பகுதியை முதலில் உருண்டையான ஒரு திட்டாகப் பாவித்து, உலர்ந்த தூரிகையால் விளிம்பில் மட்டும் விசிறி விசிறியாக இழுங்கள். தலைக்குக் கீழே தொங்கும் காவோலைகளுக்குத் தனி சியன்னா. இந்தச் சிறு பழுப்புத் திட்டு இல்லாவிட்டால் பனை தென்னையாகிவிடும்! மூன்று மரங்களை ஒரே உயரத்தில் ஒரே இடைவெளியில் நடாதீர்கள்.

எங்கே நிறுத்துவது

ஒன்றரை மணி நேரமாயிற்று என்றால், முடிந்ததோ இல்லையோ தூரிகையைக் கழுவி வையுங்கள். 1792இல் தென்னகத்தில் பயணம் செய்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் இதே மலைத்தொடரில் உள்ள பாபநாசம் அருவியை வரைந்திருக்கிறார்கள். இடத்தில் பென்சிலும் மெல்லிய வண்ணமுமாகக் குறித்துக்கொண்டதை அவர்கள் பின்னாளில் இங்கிலாந்தில் வைத்தே அச்சுப் படங்களாக முழுமைப்படுத்தினார்கள். எஞ்சியதை வீட்டில் முடிப்பது குற்றமில்லை. தவறிப்போன திட்டுகளை மறுநாள் ஈரத்தூரிகையால் நனைத்து டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். ஆனால் வெயிலில் அவசரமாகத் தேய்த்தால் தாளின் மேற்பரப்பு பிசிறு கிளம்பிவிடும்.

படத்தின் பின்பக்கம் தேதி, மணி, அமர்ந்த இடம், காற்று எப்படியிருந்தது என்பதைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். தூரிகை கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். கோபால்ட் போன்ற நிறத்தூள்களில் உலோகம் இருக்கிறது, அந்த நீர் பாய்வது நாம் இவ்வளவு நேரம் வரைந்த பயிருக்குத்தான். மூடியுள்ள பாட்டிலில் அடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.