பழைய இரட்டைக்குழல் வேட்டை ரைபிள்: சுத்தம் செய்வதும் விலை மதிப்பதும்

லண்டனிலும் பர்மிங்காமிலும் செய்து, ராஜாக்களும் ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் தருவித்த இரட்டைக்குழல் ரைபிள்கள் இன்னும் சில குடும்பங்களில் இருக்கின்றன. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அவற்றின் வேட்டை வேலை முடிந்துபோனது. கைவேலைப் பொருளாக மதிப்பு மட்டும் குறையவில்லை. அந்த மதிப்பைத் துரு கெடுப்பதைவிட, பளபளப்பாக்கும் ஆசை அதிகம் கெடுக்கிறது.

தொடுவதற்கு முன் காகிதம். பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான். அப்பா பெயரில் இருந்த துப்பாக்கி என்றால் முதலில் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உரிமதாரர் செய்யலாம். பூட்டு, டிரிகர், குழல் வேலைகளை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில்தான் கொடுக்க வேண்டும்.

இனி பரிசோதனை. திறந்து, இரண்டு குழலும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்து, அடியிலுள்ள கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் நல்லது. 'டொக்' என்று செத்துப்போனால், குழல்களை இணைக்கும் பட்டையின் ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. அது சின்னக் குறை இல்லை. இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி தொழிற்சாலையில் சுட்டுச் சுட்டுத்தான் ஒட்டியிருப்பார்கள். பற்று விட்டால் அந்தக் குறியும் போச்சு.

பிறகு முன்கட்டை இல்லாமல் குழல்களை மாட்டி மூடி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷனுக்கும் (குழல் வந்து பூட்டும் இரும்பு உடல்) நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ, தேய்மானம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கும்போது வளையம்போல் கருநிழல் விழுந்தால், அங்கே குழல் உப்பியிருக்கிறது.

உட்புறக் குழிகளுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய தோட்டாவின் கேப் மருந்து, அதாவது அடிப்பட்டதும் பற்றி வெடிமருந்தைக் கொளுத்தும் மருந்து. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் விட்டு வைத்த குழல்கள் எண்ணெய்க்கு அடியிலேயே அரித்துப்போனது இதனால்தான். கழற்றிய குழலில் புனல் வைத்துச் சுடுநீர் ஊற்றி, துணி வெளுப்பாக வரும்வரை துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போடுங்கள்.

வெளித்துருவுக்கு, ஊடுருவும் எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, செம்புத் தகட்டைச் சாய்த்துச் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மென்மை. துருவைப் பெயர்க்கும், எஃகைக் கீறாது. மிச்சத்துக்கு 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து லேசாகத் தேய்க்கலாம். கருநீலப் பூச்சு மங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி, எலுமிச்சை, வினிகர் போடவே கூடாது. அமிலம் துருவோடு பூச்சையும் தின்னும். கடையில் விற்கும் 'கோல்ட் ப்ளூ' என்ற, சூடாக்காமல் தடவும் கருநீலத் திரவம் பட்ட இடம், தெரிந்தவர் கண்ணுக்குத் திட்டாகத் தனித்துத் தெரியும்.

மறுபூச்சே வேண்டுமென்றாலும், இரட்டைக்குழலைக் காரச் சோடா கொதிக்கும் தொட்டியில் போட விடாதீர்கள். அந்தக் காரம் ஈயப் பற்றைக் கரைத்துப் பட்டையைத் தூக்கிவிடும், பட்டைக்கு அடியில் தங்கி வருடக்கணக்கில் அரிக்கவும் செய்யும். மெதுவாகத் துருவேற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துக் கருப்பாக்கும் பழைய முறைதான் இதற்குச் சரி.

ஸ்குரூக்களின் பள்ளம் மிக ஒல்லியாக, குழலின் போக்கிலேயே நிற்கும்படி வெட்டியிருப்பார்கள். சாதாரண ஸ்குரூ டிரைவரின் ஆப்புமுனை விளிம்பைப் பிய்த்துவிடும். பள்ளத்துக்கு ஏற்றபடி முனையை அரத்தால் ராவி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது இந்த ஸ்குரூ தலைகளைத்தான்.

கட்டை பெரும்பாலும் வால்நட். இரும்பு சேரும் இடத்தில் அது கறுத்து மெத்தென்று இருந்தால், எண்ணெய் குடித்திருக்கிறது. துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்திவைத்ததன் விளைவு இது. சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து அந்த இடத்தில் மட்டும் அப்பி, காய்ந்து பழுப்பானதும் தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். மூன்று நான்கு முறையாவது ஆகும். அசிட்டோன் பழைய பாலிஷையும் கரைக்கும், தீயும் பற்றும். அமுங்கிய பள்ளத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியின் முனையைச் சில விநாடி அழுத்தினால், நீராவியில் மரநார் எழும்பும். நார் அறுந்திருந்தால் எழும்பாது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: இரும்பைவிட மயிரிழை உயரமாக நிற்கும் மரம் தாழ்ந்துவிட்டால் திரும்ப வராது. கடைசியில் ஆளிவிதை எண்ணெய், நாளுக்குச் சில துளி, உள்ளங்கைச் சூட்டில். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

தோல் பெட்டி அழகுதான். ஆனால் அது ஈரத்தைப் பிடித்துத் துருவை வளர்க்கும். துப்பாக்கியைப் பெட்டிக்கு வெளியே, குழல் வாய் கீழாக வையுங்கள். பெட்டியைத் தூக்கியும் போடாதீர்கள், அதற்குத் தனி விலை உண்டு.

விலையை முதலில் தீர்மானிப்பது செய்தவர் பெயரும் தரமும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 'ராயல்' வகைக்கும், பெயர் தெரியாத பர்மிங்காம் பாக்ஸ்லாக்குக்கும் (பூட்டு ஆக்‌ஷனுக்குள்ளேயே அடங்கிய எளிய வகை) மலைக்கும் மடுவுக்குமான தூரம். சீரியல் எண் இருந்தால், பழைய பதிவேடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதி யாருக்கு, எப்போது விற்றது என்று கேட்கலாம். ராஜகுடும்பப் பெயர் வந்தால் கணக்கே வேறு.

அடுத்து குழலின் அடியிலுள்ள முத்திரைகள். 1904-க்குப் பிந்தைய பர்மிங்காம் குழலில் கிரீடத்தின்கீழ் 'என்.பி.' இருந்தால் நைட்ரோ மருந்துக்கு, அதாவது புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. 'கார்டைட் 70–480 மேக்ஸ்' என்றிருந்தால் அதிகபட்சம் 70 கிரெய்ன் (சிறு எடை அளவு) கார்டைட் என்ற நைட்ரோ மருந்து, 480 கிரெய்ன் குண்டு. நைட்ரோ முத்திரை இல்லாத பழைய கருமருந்துக் குழலில் நைட்ரோ தோட்டா போட்டால் குழல் வெடிக்கலாம்.

காலிபர், அதாவது குழலின் உள்விட்ட அளவு, வரலாறும் சொல்லும். .450 குண்டுகள் அதே அளவுள்ள மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்குப் போய்விடும் என்று பயந்து 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 ரகத்தை இந்தியாவில் தடுத்தது. .465, .470 ரகங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. .465 ராயல் ஒன்று கையில் இருந்தால், இந்தியச் சந்தையை மனதில் வைத்து உருவான ரகம் அது.

லண்டன் ஏல விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். நூறு வயது தாண்டிய பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-இன் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. உள்நாட்டிலும் உரிமம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும். மதிப்பீட்டாளரிடம் போவதற்கு முன் முத்திரை, எண், ஸ்குரூ தலைகள், பூட்டின் செதுக்கல் எல்லாவற்றையும், சுத்தம் செய்யாத நிலையிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.