அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போவதற்கு முன்

என் அம்மா மேலூரில் பூக்கட்டி விற்பவர். போன பங்குனியில் பூ வியாபாரியோடு தினமும் சண்டை. "பழைய மொட்டை என் தலையில் கட்டுகிறாய், மஞ்சளடித்துக் கிடக்கிறது" என்பார் அம்மா. "விடியற்காலையில் பறித்தது ஆத்தா" என்று அவர் சத்தியம் செய்வார். பூவில் குறையில்லை, அம்மாவின் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று எங்களுக்கு உறைக்க ஆவணி ஆகிவிட்டது. அதற்குள் அம்மா டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் காபி ஊற்றுவார் என்ற நிலை. எதிரே வரும் பஸ்ஸின் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றும் சொல்லத் தொடங்கினார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தள்ளிப்போடாதீர்கள். "புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று எங்கள் தெருவிலும் சொன்னார்கள். அது பழைய காலத்து ஆபரேஷனுக்குச் சரி. இன்று புரையை எடுத்துவிட்டு உள்ளேயே லென்ஸ் வைத்துவிடுகிறார்கள்; முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அளவுக்கு மீறி முற்றினால் ஆபரேஷன்தான் கடினமாகும், கண்ணில் அழுத்தமும் ஏறலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவது கண்நீர் அழுத்த நோயாகவும் (கிளாக்கோமா) இருக்கக்கூடும். புரையால் மறைந்த பார்வை திரும்பக் கிடைக்கும். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

நாங்கள் போனது மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. மேலூர் பஸ் மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும், அங்கிருந்து ஆட்டோ. முன்பதிவு இல்லாமல் நேரில் போயும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன. எதில் காட்டுவது என்பதை நாமே தீர்மானிக்கலாம், வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஊருக்குள் கண் சிகிச்சை முகாம் நடந்தால் இன்னும் எளிது: ஆபரேஷன் தேவைப்படுபவர்களை அவர்களே வண்டியில் அழைத்துப்போய், சாப்பாடும் கொடுத்து, சிகிச்சை முடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். கைச்செலவுக்குக்கூட யோசிக்க வேண்டிய குடும்பங்கள் முகாமை விட்டுவிடாதீர்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்கக் கூடாது. அம்மா காலில் ஆறாத புண் இருந்ததைச் சொல்லத் தயங்கினார். நான்தான் சொன்னேன். உடம்பில் எங்காவது சீழ் இருந்தால் கிருமி கண்ணுக்கும் வரலாம் என்று, புண் ஆறிய பிறகே தேதி கொடுத்தார்கள். சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும்.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். எழுத்தட்டை, பிறகு கண் அழுத்தம், பிறகு மூக்கோரத்து கண்ணீர்ப்பையில் உப்புத் தண்ணீர் செலுத்திப் பார்ப்பது. அது தொண்டைக்குள் இறங்கினால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். அம்மா பயந்துபோய் என் கையை இறுக்கிக்கொண்டார். "உப்புக் கரிக்குதா பாட்டி?" என்று சிஸ்டர் கேட்டதும் தலையாட்டினார். இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப்போங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். எனவே பெரியவர்களைத் தனியே அனுப்பவே அனுப்பாதீர்கள். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரையும் அளந்துகொள்வார்கள். எந்த லென்ஸ், என்ன செலவு என்று விளக்கத் தனியாக ஆள் இருக்கிறார்கள். புரியும்வரை கேளுங்கள். விலை கூடிய லென்ஸ்தான் பார்வை தரும் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம்.

காத்திருந்தபோது அம்மாவுக்கு இந்த இடத்தின் கதையைச் சொன்னேன். 1918இல் கரிசல் பூமியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கேற்ற கருவிகளைக் கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் இந்த மருத்துவமனை. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூடவே நின்றார்கள். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே தயாரித்தார்கள். பரிசோதனை செய்யும் சிஸ்டர்களில் பலர் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள். அதனால்தான் அம்மாவின் பேச்சு அவர்களுக்கு உடனே புரிந்தது என்று நினைக்கிறேன். டாக்டர் வெங்கடசாமி 2006இல் காலமானார். "கோணல் கையாலயா?" என்று அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வருடம் நார் சுற்றிய விரல்கள் அவை.

ஆபரேஷன் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கண் மட்டும் மரத்திருக்கும், நினைவு இருக்கும். அதற்குப் பிறகு வரும் வாரங்களில்தான் நம் வேலை. சொட்டு மருந்து விடுவதை ஒரே ஆள் பொறுப்பேற்பது நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, குப்பியின் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு; அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். நான் காலண்டர் தாளில் கோடு போட்டுக் கணக்கு வைத்தேன். மருத்துவர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, அடுப்புப் புகைப் பக்கம் போகக் கூடாது. வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை திடீரென்று மங்கினாலோ விடியட்டும் என்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள். நன்றாகத் தெரிகிறதே என்று மறுபரிசோதனையைத் தவறவிடுபவர்கள் நிறைய. கண்ணாடிக்கான அளவையும் அப்போதுதான் எடுப்பார்கள்.

ஒரு கண் முடிந்து இருபது நாள் கழித்து, மல்லிகை மொட்டு ஒன்றை அம்மா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார், பிறகு வலது கண்ணை. "இதுக்கு வெள்ளை, இதுக்கு மஞ்சள்" என்றார். புரை விழுந்த கண் அப்படித்தான் வெள்ளையைப் பழுப்பாக்கிக் காட்டும். மறுநாள் வியாபாரியிடம் பூ வாங்கும்போது கேட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்தார். இடது கண்ணுக்குத் தேதி தை மாதம்.