மனு கொடுத்தால் மட்டும் போதாது: நமக்காகவும் அடுத்தவருக்காகவும் பேசி வேலையை முடிப்பது எப்படி?

பென்ஷன் நின்றுவிட்டது, பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "மனு கொடுத்தீங்களா?" என்பதுதான். "சொல்லியிருக்கேன்" என்று பதில் வரும். யாரிடம்? "அங்க உட்கார்ந்திருந்த சார்கிட்ட." சார் பெயர்? தெரியாது. தேதி? போன மாசமோ, அதுக்கு முந்தின மாசமோ.

இத்தனைக்கும் நாம் இருப்பது செட்டிநாட்டில். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற நகரத்தார் வீடுகள் உள்ள ஊர். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஒரு காசு வரவையும் பேரேட்டில் ஏற்றாமல் விட்டதில்லை. அரசு அலுவலகத்துக்குப் போகும்போது மட்டும் வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

பக்கத்து வீட்டு அப்பத்தாவுக்கு நின்றுபோன முதியோர் உதவித்தொகையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தபோது தெரிந்துகொண்டவைதான் கீழே உள்ளவை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி வருகிறேன்.

படி 1: அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்

அடுத்தவருக்காகப் பேசுகிறவர்கள் அவசரத்தில் தாண்டிவிடுகிற படி இது. அப்பத்தா விஷயத்தில் என் மனதில் ஒரு பெரிய பட்டியலே இருந்தது: பணம் திரும்ப வர வேண்டும், நின்ற மாதங்களின் நிலுவை வர வேண்டும், நிறுத்தியவர்மேல் நடவடிக்கை வேண்டும். அப்பத்தா கேட்டுவிட்டுச் சொன்னார்: "யாரு பொழப்பையும் கெடுக்க வேணாம் ஆத்தா. மாசாமாசம் எனக்கு வந்தாப் போதும்." சரி, அப்படியானால் மனுவின் கோரிக்கை அதுதான். நிலுவை இரண்டாவது வரிக்குப் போனது. நடவடிக்கை கோரிக்கை வெளியே போனது.

அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் போங்கள். எதிரே இருப்பவர் உங்களைப் பார்த்தே பேசுவார், ஏனென்றால் அது அவருக்குச் சுலபம். "சார், அவங்ககிட்டயே கேளுங்க, காது கொஞ்சம் மந்தம், சத்தமாக் கேளுங்க" என்று திருப்பிவிடுங்கள். தன் வாயால் "எனக்கு வேற வருமானம் இல்லை" என்று ஒரு மூதாட்டி சொல்வதற்கு இருக்கிற கனம் நீங்கள் பேசுகிற பத்து நிமிடத்துக்குக் கிடையாது.

மனுவில் கையெழுத்தும் அவருடையதுதான். கைநாட்டு என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை, அதன் கீழே அவர் பெயர், பக்கத்தில் சாட்சியாக உங்கள் கையெழுத்தும் முகவரியும்.

படி 2: எந்தக் கதவு?

முதியோர் உதவித்தொகை என்றால் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். வழக்கமான தாசில்தார் வேறு, இவர் வேறு. ஒரே கட்டடமாக இருந்தாலும் தவறான மேசையில் கொடுத்தால் தாள் அங்கேயே தூங்கும். பட்டா, வாரிசுச் சான்று என்றால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். அதற்கும் மேலே காரைக்குடி தாலுகாவுக்குக் கோட்டாட்சியர் தேவகோட்டையில். கலெக்டர் சிவகங்கையில்.

ஆனால் செட்டிநாடு முழுக்க சிவகங்கை மாவட்டம் இல்லை. ராயவரம், கோனாபட்டு ஆட்கள் திருமயம் தாலுகா, அவர்களுக்குக் கலெக்டர் புதுக்கோட்டையில். பேச்சுவழக்கில் "நம்ம காரைக்குடிப் பக்கம்" என்று சொல்லிச் சொல்லியே சிவகங்கை பஸ் ஏறிவிடாதீர்கள்.

பிரதமர், ஜனாதிபதி, முதல்வர், தலைமை நீதிபதி என்று ஒரே மனுவை ஊருக்கெல்லாம் நகல் போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. எங்கே அனுப்பினாலும் அது கீழே இறங்கி, நீங்கள் நடந்தே போயிருக்கக்கூடிய அதே மேசைக்குத்தான் வரும்.

படி 3: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிழைப்பு அது. ஆனால் "சமூகம் உயர்திரு ஐயா அவர்களின் பாதக்கமலங்களுக்கு" என்று தொடங்கி, கோரிக்கை வருவதற்குள் பக்கம் முடிந்துவிடும். நீங்களே எழுதுங்கள். இவ்வளவு போதும்:

"பொருள்: நிறுத்தப்பட்ட முதியோர் உதவித்தொகையை மீண்டும் வழங்கக் கோருதல்.

ஐயா, எனக்கு வயது 74. இந்த ஊரில் இந்த முகவரியில் வசிக்கிறேன். முதியோர் உதவித்தொகை பெற்று வந்தேன். இந்த மாதம் முதல் என் வங்கிக் கணக்கில் பணம் வரவில்லை. நிறுத்தியதற்கான கடிதம் எதுவும் எனக்கு வரவில்லை. உதவித்தொகையை மீண்டும் வழங்கவும், நின்ற மாதங்களுக்கான தொகையைக் கணக்கில் சேர்க்கவும் வேண்டுகிறேன்."

கீழே இணைப்புகளுக்கு எண் போட்டு எழுதுங்கள். எப்போதிலிருந்து பணம் நின்றது என்பதை வங்கிப் புத்தகத்தில் வரவு பதிய வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். கோபம், பழைய கதை, அரசியல் எதுவும் வேண்டாம்.

கையால் எழுதலாமா, டைப் செய்யலாமா? கையெழுத்து புரிகிற மாதிரி இருந்தால் எனக்குக் கையெழுத்துதான். டைப் செய்ய நினைத்தால் ஃபோனில் வாய்ஸ் டைப்பிங் இப்போது தமிழுக்கு நன்றாகவே வருகிறது, ஊர்ப் பெயர்களை மட்டும் சரிபாருங்கள்.

படி 4: ஒப்புகை (இதை அவசரமாகப் படிக்காதீர்கள்)

இந்த வேலை முழுவதும் இந்த ஒரு படியில்தான் நிற்கிறது. நாங்கள் இழுபட்டதும் இங்கேதான். மனுவை வாங்கிக்கொண்டார்கள், "பார்க்கிறோம், போங்க" என்றார்கள். நகலில் முத்திரை கேட்டதும் முகம் மாறியது. "நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார் ஒருவர். "அதெல்லாம் இங்க போடுறது இல்லை" என்றார் இன்னொருவர்.

மனுவை எப்போதும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் அலுவலக முத்திரை, தேதி, வாங்கியவரின் சுருக்கொப்பம். இது கிடைக்காமல் முதல் பிரதியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். நேராக அதிகாரி அறைக்குப் போகாமல் தபால் பிரிவு எங்கே என்று கேளுங்கள். தாளைப் பதிவேட்டில் ஏற்றி எண் போடுவது அங்கே உள்ளவரின் அன்றாட வேலை, அதனால் முரண்டு குறைவு.

அங்கேயும் மறுத்தால், சண்டை போடாமல் சொல்ல ஒன்று இருக்கிறது: பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை நிலை எண் 99, நாள் 21.09.2015. குறைதீர் மனுவுக்கு 3 நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் மனுவைத் தீர்க்க வேண்டும் என்கிறது அது. நான் இந்த எண்ணை மனுவின் கடைசி வரியிலேயே எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னால் சட்டம் பேசுவதாக எடுத்துக்கொள்கிறார்கள், தாளில் இருந்தால் அமைதியாகப் படித்துக்கொள்கிறார்கள்.

அதுவும் நடக்கவில்லையா, தபாலில் அனுப்புங்கள். அல்லது கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே மனுவைப் பதிந்து எண் கொடுப்பார்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பேசினாலும் ஒரு மனு எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள்.

(பின்சேர்க்கை: "ரிஜிஸ்டர் தபால் இப்ப இல்லைன்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்றாங்களே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். உண்மைதான். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்டிலேயே போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். இணையத்தில் "டெலிவரி ஆனது" என்று காட்டும் பக்கத்தை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், அந்த விவரம் அங்கே ரொம்ப நாள் நிற்காது.)

படி 5: பதில் இல்லையா? தகவல் கேளுங்கள்

ஒரு மாதம் பொறுங்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பிரிவு 6(1)இன் கீழ் அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், அதில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "என் பென்ஷனை ஏன் நிறுத்தினீர்கள்? இது நியாயமா?" என்று கேட்டால் பதில் வராது. விளக்கமோ கருத்தோ சொல்ல வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை. கோப்பில் இருப்பதைத்தான் தர வேண்டும், 2011இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அதனால் தாளைக் கேளுங்கள்:

"1. என் உதவித்தொகையை நிறுத்திய உத்தரவின் நகல்.
2. அதற்கு அடிப்படையான கள விசாரணை அறிக்கையின் நகல்.
3. இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்புப் பக்கங்களின் நகல்."

மூன்றாவது கேள்விக்குத்தான் படி 4இல் வாங்கிய தேதி. அது இல்லாவிட்டால் "அப்படி ஒரு மனு வரவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

விண்ணப்பம் அப்பத்தா பெயரிலேயே போக வேண்டும். நீங்கள் உங்கள் பெயரில் கேட்டால் இன்னொருவரின் சொந்த விவரம் என்று பிரிவு 8(1)(j)இல் உள்ள தனிநபர் விவர விலக்கைச் சொல்லி மறுப்பார்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். நீங்கள் தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். ஆனால் ஆணையம்வரை போனால் காத்திருப்பு நீளும். முதல் மேல்முறையீட்டிலேயே முடிக்கப் பாருங்கள்.

எங்களுக்கு வந்த அறிக்கை நகலில் இருந்தது ஒரே வரி: "மனுதாரர் முகவரியில் இல்லை." விசாரணைக்கு வந்த நேரத்தில் அப்பத்தா கண் ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் இருந்திருக்கிறார்! ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து இன்னொரு மனு, அதே இரண்டு பிரதி, அதே முத்திரை. பணம் வரத் தொடங்கியது. காரணம் தெரியாதவரை நாங்கள் வருமானச் சான்று, ஆதார் இணைப்பு என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்திருப்போம்.

படி 6: பிரச்சினை பலருக்கு என்றால் கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு நாள். தனியாளாக நின்று கத்துவதால் எதுவும் ஆகாது. முதல் நாளே நாலைந்து பேர் பேசிவைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே கோரிக்கையை அவரவர் அனுபவத்தோடு சொல்லுங்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து முணுமுணுப்பதோடு நிறுத்திவிடுவார்கள், அவர்களில் ஒருவரை முதலில் பேசச் சொல்லுங்கள். "குறித்துக்கொண்டோம்" என்பது தீர்மானம் ஆகாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் முடிந்தபின் வெற்றிடம் விட்ட பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

(பின்சேர்க்கை: கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்றவை பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது. உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.)

வக்கீல் தேவைப்படும் இடங்கள்

இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே உண்டு. முதியவர்களுக்கென்று 14567 இருக்கிறது.

நம் பக்கத்தில் அதிகம் காதில் விழுவது, வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்குத் தவிக்கும் கதை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன்படி கோட்டாட்சியரிடமே மனுப் போடலாம். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய பிரிவு 23 வழி விடுகிறது. எழுதிக் கொடுக்கும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். இது எழுதிக் கொடுக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது.

கைவசம் வைக்க வேண்டியவை

அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. என்றைக்கு, எங்கே, யாரிடம், என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார். ஃபோனில் குறித்தால் ஃபோன் மாறும்போது போய்விடுகிறது, நோட்டுதான் எனக்குத் தோது. தாள்களுக்கு நூல் கட்டும் ஃபைல். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஒவ்வொன்றாக உருவிக் காட்டும்போது ஒரு தாள் எப்படியும் எங்காவது தங்கிவிடும். அசல் எதையும் மனுவோடு இணைக்காதீர்கள்.

(கடைசியாகச் சேர்த்தது: சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிலர், ஊரில் இருக்கும் அம்மாவுக்காக அங்கிருந்தே தகவல் மனு போடலாமா என்று கேட்டிருந்தார்கள். சட்டம் இந்தியக் குடிமக்களுக்குத்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் எந்த நாட்டிலிருந்தும் போடலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் முடியாது. அம்மாவின் சொந்த விவரம் என்றால் எப்படியும் அம்மா பெயரில்தான் போக வேண்டும், எனவே வாசகத்தை நீங்கள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊரில் ஒருவர் அச்செடுத்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் சேர்த்தால் போதும்.)