சைலன்சர் ஓட்டைக்கு ஒட்டுப் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

"சத்தந்தானுங்க ஜாஸ்தி, மத்தபடி வண்டி நல்லாத்தான் ஓடுது." கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல, கசிகிற புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். ஓட்டுகிறவர் வெயில் அலுப்பு என்று நினைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

ஒட்டுப் போடும் முன் ஓட்டை எந்த இடத்தில் என்று பாருங்கள். இன்ஜினை ஒட்டி அதன் புகையை வாங்கும் குழாயான மேனிஃபோல்டிலோ, அதன் இணைப்பில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டிலோ கசிந்தால் எந்தப் பசையும் வேண்டாம். அங்கே சூடு பல நூறு டிகிரி போகும். புகையும் ஏசி காற்று எடுக்கும் வழியாக உள்ளே வந்துவிடும். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் ஏமாந்துபோகும், பெட்ரோல் வீணாக எரியும். இந்த மாதிரி வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் சரி. பின்பக்கப் பைப்பிலும் சைலன்சர் டப்பாவிலும் உள்ள சின்ன ஓட்டைக்குத்தான் தற்காலிக ஒட்டு.

அதற்கும் தண்ணிக் குழாய்க்குப் போடும் எம்சீலை அப்புவார்கள், சைக்கிள் டியூப்பைச் சுற்றுவார்கள். சூடேறினால் ஒன்று உதிரும், இன்னொன்று எரியும். உதிரிபாகக் கடையில் சைலன்சருக்கென்றே சூடு தாங்கும் புட்டி என்ற பூச்சுப் பசையும் சுற்றுகிற பேண்டேஜும் கிடைக்கும்.

நல்ல புட்டி வாங்கியும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் துருவின் மேலேயே பூசியிருப்பார்கள். பைப் நன்றாக ஆறட்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை விடாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓட்டையைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். அப்பளமாக நொறுங்கினால் அந்தத் துண்டு தேறாது. கெட்டியாக இருந்தால் புட்டி பூசி, கூல்டிரிங்க்ஸ் அலுமினிய டின்னைக் கத்தரித்துச் சுற்றி, இரண்டு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு முறுக்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் காய விட்டு, திறந்த வெளியில் இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

இந்த வேலைக்காக வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்புகிறார்கள், இல்லாவிட்டால் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்துவிடும். வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் அடியில் போகாதீர்கள்.

சில சைலன்சர்களின் அடியில் கம்பெனியே ஒரு பொடி ஓட்டை வைத்திருக்கும், உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக. விளிம்பு துருவில்லாமல் வட்டமாக இருக்கும். அதை அடைத்தால் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ஒட்டுப் போட்டாகிவிட்டது என்று திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40-ஐயோ ஏறலாமா என்று கேட்கிறார்கள். கூடாதுங்க. ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போது பைப்பின் சூடும் அதிர்வும் கூடும், ஒட்டு அங்கேதான் விட்டுப்போகும். பட்டறை வரைக்கும் மட்டும், எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மெதுவாகப் போங்கள். டிக்கியைத் திறந்து வைக்காதீர்கள். பின்னால் சுழலும் புகையை அது உள்ளே இழுக்கும். குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்றாமல் இருப்பது உத்தமம்.

பட்டறையில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் கெட வாய்ப்புண்டு. பெட்ரோல் டேங்க்கும் பிரேக் பைப்பும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று வெல்டரோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வைத்து ஒட்ட வேண்டாம், அதன் துத்தநாகப் புகை வெல்டருக்கு ஆகாது. புட்டி பூசிய இடம் எது என்றும் காட்டிவிடுங்கள். புட்டியின் மேல் வெல்டிங் பிடிக்காது, அதை முழுக்கச் சுரண்டித்தான் அவர் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.