கழற்றி எடுத்த பழைய பிராசஸருக்கு மதர்போர்டும் ரேமும் பார்த்து வாங்குவது எப்படி?

அலுவலகங்களில் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்கள் பழைய சாமான் கடைக்கு வரும்போது, பெரும்பாலும் மதர்போர்டோ, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியோதான் போயிருக்கும். பிராசஸர் நல்லபடியாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் ஒரு இன்டெல் ஐ5-3470 கிடைத்தது. 2012-இல் வந்தது, நாலு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. பாடம் பார்க்க, டைப் அடிக்க, பைத்தான் பழக இது தாராளமாகப் போதும். அந்தப் பிராசஸரை வைத்தே இந்த விளக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது வேறு மாடல் என்றாலும் போகும் வழி இதுதான்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் பிராசஸர், அதற்கு ஏற்ற போர்டு, அந்தப் போர்டுக்கு ஏற்ற ரேம். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ரேமை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் போர்டு தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 1: மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மேலே காய்ந்து கிடக்கும் தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஓரங்களை மட்டும் பிடியுங்கள். அடியில் இருக்கும் தங்கப் புள்ளிகளில் விரல் படக்கூடாது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். மாடல் எண் அழிந்து போயிருந்தால், எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்து எழுத்துக் குறியைத் தேடுங்கள். என்னுடையதில் எஸ்ஆர்0டி8 என்று இருந்தது. அந்தக் குறியை இணையத்தில் தேடினாலே மாடல் வந்துவிடும்.

3470 என்பதில் முதல் எண் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு எல்ஜிஏ 1155 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்). நான்காம் தலைமுறைக்கு 1150. ஆறு, ஏழுக்கு 1151. எட்டு, ஒன்பதுக்கும் 1151 என்றே பெயர், ஆனால் அவை பழைய 1151 போர்டில் வேலை செய்யாது. ஐ3, ஐ5-இல் ஐ5-650 மாதிரி மூன்றே எண் இருந்தால் அது முதல் தலைமுறை, 1156. ஒரு எண்தானே வித்தியாசம் என்று 1155-ஐ 1156-இல் அழுத்தாதீர்கள், ஓரத்து வெட்டுகள் இடம் மாறியிருக்கும்.

கடைசி எழுத்தையும் பாருங்கள். ஐ5-3350பி போல 'பி' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனியாக கார்டு வாங்க வேண்டும். 'எம்' இருந்தால் அது லேப்டாப் பிராசஸர். டெஸ்க்டாப் போர்டு தேடிப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

படி 2: எச்61-ஆ, பி75-ஆ?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் 1155 போர்டு என்று கேட்டால் முதலில் கையில் வருவது எச்61 தான். எச்61, பி75 என்பவை சிப்செட்டின் பெயர்கள், அதாவது போர்டில் யுஎஸ்பி, சாட்டா போன்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப். சின்ன பிராண்டுகளில் புதுசாகவே கிடைக்கும். ரேம் ஸ்லாட் இரண்டு, அதிகபட்சம் 16 ஜிபி. சிப்செட்டில் யுஎஸ்பி 3.0 கிடையாது, ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பின் வேகம் 3 கிகாபிட்டோடு நின்றுவிடும். பி75 சிப்செட்டில் நாலு யுஎஸ்பி 3.0 இணைப்பு, 6 கிகாபிட் சாட்டா ஒன்று உண்டு. நாலு ரேம் ஸ்லாட் உள்ள பி75 போர்டுகளும் கிடைக்கும், கிகாபைட்டின் பி75எம்-டி3எச் அப்படிப்பட்டது. சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் யோசிக்காமல் பி75 எடுங்கள். ஆனால் எச்61 தான் கிடைத்தது என்றால் வருத்தப்படவும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே கம்ப்யூட்டர் வேறு மாதிரி ஓடும். 3 கிகாபிட், 6 கிகாபிட் வித்தியாசம் அன்றாட வேலையில் அவ்வளவாகத் தெரியாது.

பி75-ஐ நான் விரும்புவதற்கு முக்கியமான காரணம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். எச்61 வந்தது 2011-இல், இரண்டாம் தலைமுறைக்காக. பழைய பயாஸ் உள்ள எச்61-இல் மூன்றாம் தலைமுறை பிராசஸரைப் போட்டால் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். பிராசஸர் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பயாஸை அப்டேட் செய்ய இரண்டாம் தலைமுறை பிராசஸர் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்க வேண்டியிருக்கும். பி75 மூன்றாம் தலைமுறையோடு பிறந்தது, அங்கே இந்தத் தொல்லை இல்லை. வாங்குவதற்கு முன் போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் பிராசஸர் பட்டியலைப் பாருங்கள். போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும்.

க்யூ65, க்யூ67, பி65 சிப்செட் போர்டுகளை ஐ5-3470-க்கு வாங்கவே வாங்காதீர்கள். இவற்றுக்கு மூன்றாம் தலைமுறை ஆதரவை இன்டெல்லே தரவில்லை. பிராண்டட் அலுவலக கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய போர்டாக இருந்தால் பவர் கனெக்டரையும் எண்ணிப் பாருங்கள். 24 பின்னும், பிராசஸர் பக்கத்தில் 4 அல்லது 8 பின்னும் இருந்தால்தான் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தும்.

படி 3: சாக்கெட்டை டார்ச் அடித்துப் பாருங்கள்

இன்டெல்லின் இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, முடியைவிட மெல்லிசாக. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே சாய்வில், நாற்று நட்ட வயல் மாதிரி வரிசையாக மின்ன வேண்டும். நடுவில் ஒரு இடம் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அவசரத்தில் வாங்கிய ஒரு பழைய போர்டில் 4 ஜிபி ரேம் இரண்டு போட்டேன், 4 ஜிபி மட்டும் காட்டியது. ரேமை மாற்றி மாற்றிப் போட்டும் அதே நிலை. கடைசியில் பிராசஸரைக் கழற்றி டார்ச் அடித்தால், ஓரத்தில் ஒரே ஒரு பின் பக்கத்துப் பின்னின் மேல் படுத்துக்கிடந்தது. லென்ஸ் வைத்துக்கொண்டு, தையல் ஊசி முனையால் மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். அரைமணி நேரம் ஆனது. அடுத்த முறை ஆன் செய்தபோது 8 ஜிபி வந்தது. பல பின்கள் ரேமுக்குப் போகும் வழிகள், அதனால்தான் பிராசஸர் ஓடினாலும் ஒரு ஸ்லாட் மட்டும் செத்தது போல் காட்டுகிறது.

ஆகவே பிராசஸரைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். "அண்ணா, இந்தப் பிராசஸரைப் போட்டு டிஸ்பிளே காட்டிடுங்க, எல்லா ஸ்லாட்டுலயும் ரேம் எடுக்குதான்னு பாத்துடலாம்" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். பின்பக்க ஓட்டைகளுக்கான தகடும், சாக்கெட் மேல் மூடும் பிளாஸ்டிக் மூடியும் கேட்டு வாங்குங்கள்.

படி 4: ரேம் லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பிராசஸருக்கு டிடிஆர்3 ரகம், வேகம் 1333 அல்லது 1600. டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் 240 பின்தான், ஆனால் நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-க்கு 288 பின். லேபிளில் பிசி3-12800 என்றால் 1600, பிசி3-10600 என்றால் 1333. இரண்டும் கலந்து போட்டால் மெதுவானதன் வேகத்தில் ஓடும். பிசி3எல் என்றால் 1.35 வோல்ட் ரகம். அது 1.5 வோல்ட்டிலும் ஓடக்கூடியதுதான், தயங்காமல் வாங்கலாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 12800யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். 12800ஆர் என்றால் சர்வர் ரேம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், விலையும் குறைவு, ஆனால் டிஸ்பிளே வராது. சர்வர் ரேமில் சிப் வரிசைக்கு நடுவே வேறு அளவில் ஒரு சிப் தனியாக இருக்கும், அதைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம். அதேபோல் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3-ஐயும் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் 4-பிட் சிப்களால் செய்தவை, இன்டெல் போர்டு ஏற்காது. லேபிளில் 1ஆர்எக்ஸ்8 அல்லது 2ஆர்எக்ஸ்8 இருப்பதாகப் பார்த்து எடுங்கள், கடைசி 8 என்பது 8-பிட் சிப்பைக் குறிக்கும்.

ஒரே 8 ஜிபியா, இரண்டு 4 ஜிபியா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கான வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது. இரண்டு ரேம் போட்டால் இரண்டு வழியிலும் தரவு ஓடும், வித்தியாசம் தெரியும். எனவே இரண்டு 4 ஜிபி. எச்61-இல் அத்தோடு ஸ்லாட் நிரம்பிவிடும், பின்னால் கூட்ட வேண்டும் என்றால் இருப்பதைக் கழற்ற வேண்டும். பின்னால் கூட்டுவது நிச்சயம் என்றால் இப்போது ஒரு 8, பிறகு இன்னொரு 8.

படி 5: கேபினெட்டில் மாட்டும் முன் மேசையில் ஓட்டிப் பாருங்கள்

போர்டை அதன் அட்டைப் பெட்டி மேல் வையுங்கள். பிராசஸரின் தங்க முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள குறியோடு பொருத்தி, தானாக உட்காரும்படி விடுங்கள். புது தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, மேலே கூலர். ரேமின் தங்க விளிம்பை வெள்ளை ரப்பரால் அழித்து, துகளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் டக் என்று பூட்டும் வரை அழுத்துங்கள். முதலில் ஒரே ஒரு ரேம். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் போர்டு ஆன் ஆகும். தேதி ஒவ்வொரு முறையும் பழையபடி மாறினால் போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

டிஸ்பிளே வந்ததும் இரண்டாவது ரேமையும் போட்டு, பயாஸில் 8192 எம்பி காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதனால் அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், பைத்தான் அதிலேயே வந்துவிட்டது.